மூலை வீட்டிலிருந்து வந்த பதில்

என் தங்கை பாலை முகர்ந்து பார்க்காமல் குடித்ததே இல்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அப்படித்தான். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி ஓர் இழுப்பு இழுத்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். அதனால் வீட்டில் அவளுக்கு மோப்பம் என்று பேர் வந்தது. அப்படிக் கூப்பிட்டால் அவளுக்குக் கோபம் வராது. "முகர்ந்து பார்த்துக் குடிச்சவளுக்கு இதுவரைக்கும் வயிறு வலிச்சிருக்கா?" என்று கேட்பாள். வலித்ததில்லை என்பதுதான் உண்மை.

பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் கையில் வந்ததும் மற்றப் பிள்ளைகள் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். இவள் உட்கார்ந்து கூட்டிப் பார்ப்பாள். ஒருமுறை ஆசிரியர் தவறுதலாகக் கூடுதலாகப் போட்டிருந்தார். அதையும் போய்ச் சொல்லிக் குறைத்துக்கொண்டு வந்தாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அன்று ஒன்று புரிந்தது. இவள் சந்தேகப்படுவது அடுத்தவரை மாட்டிவிட அல்ல. ஒரு விஷயம் சரியாக இல்லாவிட்டால் இவளுக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

நான் எட்டாவதோடு நின்றவள். நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றில் துப்புரவு வேலைக்கு மேற்பார்வை பார்க்கிறேன். மாடிப்படி, லிஃப்ட், மொட்டை மாடி, குப்பை அறை எல்லாம் என் பொறுப்பு. வெளியூர் போகிறவர்கள் வீட்டுச் சாவியை என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் என் சிறிய அறையில், ஒவ்வொரு சாவிக்கும் ஓர் ஆணி, ஒவ்வொரு ஆணிக்கு மேலும் துணிப் பட்டையில் எழுதிய வீட்டு எண். ஒரு சாவி இடம் மாறித் தொங்கியதாக யாரும் சொன்னதில்லை.

தங்கை கம்ப்யூட்டர் படித்தாள். கொஞ்ச வருஷம் ஓர் அலுவலகத்தில் பில் பதியும் வேலை பார்த்தாள். பிறகு அதை விட்டுவிட்டு, எங்கள் வீட்டு முன்னறை மேசையிலேயே உட்கார்ந்து வெப்சைட் செய்து கொடுக்க ஆரம்பித்தாள். அவளுக்குக் கிடைத்த முதல் நிரந்தர வேலை, நான் வேலை பார்க்கும் குடியிருப்போர் சங்கத்தின் வெப்சைட். என் மூலமாக வந்த வேலை. அதே தெருவில் இன்னும் இரண்டு குடியிருப்புகள், "முதல்ல உங்களுக்கு எப்படி நடக்குதுன்னு பார்த்துட்டுச் சொல்றோம்" என்று சொல்லியிருந்தன. இங்கே பேர் எடுத்தால்தான் அங்கே வேலை. இங்கே பேர் கெட்டால் அவள் திரும்பவும் பில் பதியப் போக வேண்டியதுதான்.

சங்கத்துக்கு ஒரு ஃபோன் குழு இருந்தது. அதில் காலையில் பூப் படம், மத்தியானம் சண்டை, ராத்திரி மன்னிப்பு. தண்ணீர்த் தொட்டி எப்போது கழுவினார்கள் என்று யாராவது கேட்டால், பதில் நூறு பூக்களுக்கு அடியில் எங்கோ கிடக்கும். அதனால் சங்கத்தின் பொருளாளர் ஒரு யோசனை சொன்னார். அவர் பல் டாக்டர். எல்லாரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவோம். வெப்சைட்டிலேயே ஒரு ஃபோரம் வைத்துவிட்டால், ஒரு கேள்விக்குக் கீழே அதற்கான பதில்கள் மட்டும் வரிசையாக நிற்கும், அடுத்த வருஷம் தேடினாலும் கிடைக்கும் என்றார். சங்கத்தின் செயலாளர் கம்பெனி ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "அதெல்லாம் இலவசமாவே கிடைக்குமாமே, நாளைக்கே போட்டுடலாமே" என்றார்.

அன்று சாயங்காலம் தங்கை என்னிடம் சொன்னாள், "நாளைக்கே போட்டுடலாம்னு யார் சொன்னாலும் எனக்குச் சந்தேகம் வந்துடுதுக்கா."

ஃபோரம் சாப்ட்வேர்கள் ஏகப்பட்டவை இருக்கின்றனவாம். அவற்றில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் வேலை முடிந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்தால், பக்கத்தில் வந்து ஒவ்வொன்றின் குறையையும் சொல்வாள்.

முதலாவது பார்க்க அழகாக இருந்தது. நான்கூட, "இதையே வச்சிடேன்" என்றேன்.

"இது நம்ம வெப்சைட்டுல இருக்காதுக்கா. அந்தக் கம்பெனி இடத்துல இருக்கும். நம்ம ஆளுங்க பேசறதெல்லாம் அவங்க வீட்டுல கிடக்கும். நாளைக்குக் கதவைச் சாத்திட்டாங்கன்னா வெளிய நின்னு தட்ட வேண்டியதுதான்."

"சும்மா குடுக்கறாங்களேடி."

"அதான் நானும் கேக்கறேன். ஏன் சும்மா குடுக்கறாங்க?"

இரண்டாவதை நம் இடத்திலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதைச் செய்தவர்கள் அதைத் தொட்டே பல வருஷமாகியிருந்தது. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குக் குடி போகிற மாதிரி, எந்த ஜன்னல் உடைந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்றாள்.

மூன்றாவதுதான் அவளுக்குப் பிடித்தது. பிடித்ததாலேயே அதை ரொம்பச் சந்தேகப்பட்டாள். அந்த சாப்ட்வேரைத் திட்டி யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடித் தேடிப் படித்தாள். பாராட்டி எழுதியதைத் தொடவே இல்லை. திட்டியவனுக்கு அவர்கள் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்பதில்தான் குணம் தெரியும் என்பது அவள் கட்சி. அடுத்து, உள்ளே எதையும் போடுவதற்கு முன்னாலேயே, போட்டதையெல்லாம் திரும்ப வெளியே எடுக்க முடிகிறதா என்று பார்த்தாள். "வீடு பாக்கப் போனா நான் பின்கதவைத்தான் முதல்ல பார்ப்பேன்" என்றாள்.

சோதனைக்காக வெவ்வேறு பேரில் கணக்குத் திறந்து தானே பேசிக்கொண்டாள். வம்புக்காரர் ஒருவர் வேண்டியிருந்தது. அந்த வேலையை எனக்குக் கொடுத்தாள்.

"அக்கா, என்னைத் திட்டி எழுது. அதை எடுத்துட முடியுதான்னு பார்க்கணும்."

நான் யோசித்து, "துவைத்த துணியை மடிக்காமல் நாற்காலியில் போடுகிறவள் நீ" என்று எழுதினேன்.

அவள் படித்துவிட்டுச் சொன்னாள், "இது திட்டு இல்லக்கா, புகார். இதுக்கு வேற இடம் இருக்கு."

அம்மா உள்ளேயிருந்து, "அவ எழுதினதுல என்னடி தப்பு?" என்றார்.

சாப்ட்வேரைத் தேர்ந்தெடுத்ததைவிட அதை வெப்சைட்டோடு சேர்க்கும் வேலை பெரிதாக இருந்தது. குடியிருப்பில் உள்ளவர்கள் பராமரிப்புப் பணம் கட்டவும், குழாய் ஒழுகுகிறது என்று சொல்லவும் ஏற்கெனவே வெப்சைட்டுக்குள் போய் வந்துகொண்டிருந்தார்கள். ஃபோரத்துக்கென்று இன்னொரு பாஸ்வேர்ட் என்றால் ஒருவரும் வரமாட்டார்கள். அதனால் அதே கணக்கில் நுழைந்தால் ஃபோரமும் திறக்கும்படி செய்தாள். எழுதுகிறவர் பேருக்குப் பதிலாக வீட்டு எண்தான் மேலே தெரியும். முகமூடி போட்டுக்கொண்டு யாரும் அடுத்தவரைக் குத்தக் கூடாது என்று சங்கத்தில் அப்படிக் கேட்டிருந்தார்கள்.

ஆரம்பிப்பதற்கு முன்னால் கீழ்த்தளக் கூடத்தில் ஒரு கூட்டம் போட்டு எல்லாருக்கும் விளக்கிச் சொன்னாள். டாக்டரம்மா எழுந்து, "எங்க இமெயில் அட்ரஸெல்லாம் யார் கண்ணுல படும்?" என்று கேட்டார்.

"என் கண்ணுல மட்டும்தான் மேடம். அதை நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். சங்கமே கேட்டாலும் சொல்லமாட்டேன்."

கேள்வி கேட்டதற்காக அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்ததை நான் மட்டும்தான் கவனித்திருப்பேன்.

ஃபோரம் நன்றாகவே நடந்தது. பூப் படம் போட ஓரிருவர் முயன்றார்கள். அவற்றுக்கென்று தனியாக ஓர் இடம் ஒதுக்கி அங்கே நகர்த்திவிட்டாள். தொட்டி கழுவிய தேதி, கொசு மருந்து அடிக்கும் நாள் எல்லாம் கேட்டவுடன் கிடைத்தன. பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு லிஃப்ட் பிரச்சினை வந்தது. லிஃப்ட் பாதி நேரம் நின்று நின்று போனது. பழுது பார்க்கிறவர் வருவார், தட்டுவார், போவார், மறுபடி நிற்கும். டாக்டரம்மா ஃபோரத்தில், "லிஃப்ட் பராமரிப்பை வேறு கம்பெனிக்குக் கொடுப்பது பற்றி அடுத்த கூட்டத்தில் பேசலாமா?" என்று எழுதினார். அதற்குக் கீழே ஒரு பதில் வந்து நின்றது.

"இப்போதைக்கு இதைக் கிளப்ப வேண்டாம். லிஃப்ட்காரர் நமக்கு வேண்டியவர். கொஞ்ச நாள் போனால் எல்லாரும் மறந்துவிடுவார்கள்."

மேலே இருந்த எண், நான்காவது மாடி மூலை வீட்டினுடையது.

அந்த வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்க்கிறார். போனால் பல மாதம் வரமாட்டார். வீடு பூட்டிக் கிடந்தது. சாவி என் அறையில் ஆணியில் தொங்கியது.

டாக்டரம்மா அதற்குக் கீழேயே, "எழுதியது கப்பல்காரர்தானா?" என்று கேட்டார். பதில் இல்லை. நடுக்கடலில் இருக்கிறவருக்கு எங்கள் லிஃப்ட்காரர் எப்படி வேண்டியவரானார் என்று மாடிப்படியில் நின்று பேசிக்கொண்டார்கள். நான் துடைப்பத்தோடு வருவதைப் பார்த்தால் பேச்சு நின்றுபோகும். முதலில் எனக்குப் புரியவில்லை. ஒருநாள் செயலாளர் என் அறை வாசலில் வந்து நின்றபோது புரிந்தது.

"ஏம்மா, அந்த மூலை வீட்டுச் சாவியைக் கொஞ்ச நாளைக்குச் சங்க ஆபீஸ்ல குடுத்து வையி."

"எதுக்கு சார்?"

"சும்மாதான். நாலு பேர் நாலு விதமா பேசறாங்க. உன் தங்கச்சிகிட்ட எல்லா வீட்டு பாஸ்வேர்டும் இருக்குங்கறாங்க. உன்கிட்ட சாவி இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து அந்த வீட்டுப் பேர்ல எழுதியிருப்பீங்கங்கறாங்க. எனக்கு ஒண்ணும் சந்தேகம் இல்ல."

சாவியைக் கழற்றிக் கொடுத்தேன். வீடு பூட்டிக் கிடக்கும்போது ராத்திரியில் அந்த ஆணி வெறுமையாக இருந்தது அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து சொன்னதும், தங்கை நேராக மேசையில் போய் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். அம்மா, "வேற யாராவது உள்ள நுழைஞ்சு எழுதியிருப்பாங்களோ?" என்றார். அதைத்தான் அவள் தேடினாள். யாரும் உடைத்து நுழையவில்லை. அந்தப் பதில் வந்த நாளில் மூலை வீட்டுக் கணக்கில் யாரும் வெப்சைட்டுக்குள் வரவே இல்லை. ஆனாலும் பதில் நின்றது.

மறுநாள் நான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது முன்னறையிலிருந்து கூப்பிட்டாள்.

"இங்க வா. இந்தப் பதிலுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு உறை படம் இருக்கு பார். இது வெப்சைட்ல எழுதினது இல்ல. மெயில்ல வந்தது."

"மெயில்ல எப்படிடி வரும்?"

"யாராவது ஃபோரத்துல எழுதினா, மத்தவங்களுக்கு மெயில் போகும்ல? அந்த மெயிலுக்கு நேரா பதில் அனுப்பினா, அது ஃபோரத்துலயே வந்து விழும். அப்படி ஒரு வசதி இந்த சாப்ட்வேர்ல இருக்கு. நான் வைக்கல, வரும்போதே திறந்திருக்கு. நான் பின்கதவைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன், இதை மூடாம விட்டுட்டேன்."

அவள் குரல் இறங்கிவிட்டது. நான் பேச்சை மாற்ற, "சரி, மெயில் கப்பல்லேர்ந்து வந்ததா?" என்றேன்.

"கப்பல்காரர் பேர்ல என்ன அட்ரஸ் பதிஞ்சிருக்கோ அதிலேர்ந்துதான் வந்திருக்கு. ஆனா அது அவரோடதுதானான்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு முன்னாடி சங்கம் வச்சிருந்த பழைய வெப்சைட்ல என்ன இருந்துச்சோ அதை அப்படியே இங்க கொண்டுவந்தேன். இமெயில்னு ஒண்ணு இருந்தா அது அந்த வீட்டுக்காரரோடதுதான்னு நம்பிட்டேன்." நகத்தைக் கடித்துக்கொண்டே கேட்டாள். "அக்கா, அந்த வீட்டுக் கரண்ட் பில்லெல்லாம் யாருக்கா கட்டறாங்க?"

"செயலாளர்தான். மாசம் ஒரு தடவை சாவி வாங்கிட்டுப் போய் ஜன்னலைத் திறந்து வச்சிட்டு வருவார். கப்பல்காரர் அவரைத்தான் பாத்துக்கச் சொல்லியிருக்கார்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அவர் உன்கிட்ட வந்து பேசினப்ப, ஃபோரத்துல என்ன எழுதியிருந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டாரா?"

நான் யோசித்தேன். கேட்கவில்லை. குடியிருப்பே அதைப் பற்றிப் பேசும்போது, என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படாதவர் அவர் ஒருவர்தான்.

"போய் எல்லார் முன்னாடியும் சொல்லிடு. உனக்குத்தான் அட்ரஸ் தெரியுமே" என்றேன்.

"எப்படிச் சொல்றது? அட்ரஸ்ல ஆள் பேர் இல்ல, ஏதோ ஒரு பூப்பேரும் நம்பரும்தான். பேர் இருந்திருந்தாலும் சொல்ல முடியாது, சொல்லமாட்டேன்னு டாக்டரம்மாகிட்ட சொல்லியிருக்கேன். நான் திருடியில்லன்னு காட்டறதுக்காக வாக்கை மீறினேன்னா, அப்புறம் எவன் என்னை நம்புவான்?"

செயலாளரே கூட்டம் கூட்டினார். கூடம் நிறைந்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலி போதாமல் சிலர் சுவரோரம் நின்றார்கள். தங்கை லேப்டாப்போடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் கதவருகே நின்றேன்.

செயலாளர் சுற்றி வளைக்கவில்லை. "யார் வேணும்னாலும் யார் பேர்லயும் எழுதலாம்னா நமக்கு எதுக்கு இந்த ஃபோரம்? எடுத்துடலாம். அந்தப் பதிலையும் அழிச்சிடலாம். வெப்சைட்டை வேற ஆள்கிட்ட குடுத்துடலாம். பொண்ணு மேல எனக்கு ஒண்ணும் கோபம் இல்ல. சின்ன வயசு, எல்லார் பாஸ்வேர்டும் கையில இருந்தா கை சும்மா இருக்காது."

சிலர் தலையாட்டினார்கள். எனக்குக் காது சுட்டது.

தங்கை எழுந்தாள். "பாஸ்வேர்டை என்னால மாத்தத்தான் முடியும் சார். யாரோடதையும் படிக்க முடியாது. மாத்தியிருந்தா அது பதிவாகியிருக்கும். டாக்டரம்மா வந்து பார்க்கலாம்."

டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய் நின்று பார்த்தார். "மாத்தலைதான்" என்றார்.

"ஒரு தப்பு நான் பண்ணியிருக்கேன்" என்று ஆரம்பித்து, மெயிலுக்குப் பதில் போட்டால் அது ஃபோரத்தில் வந்து விழும் என்பதை எல்லாருக்கும் புரிகிற மாதிரி சொன்னாள். "அதை மூடாம விட்டது என் குத்தம். இப்ப மூடிட்டேன். மூலை வீட்டுப் பதிலும் அப்படி மெயில்ல வந்ததுதான். எந்த அட்ரஸ்னு நான் சொல்லமாட்டேன். ஆனா நீங்க சரின்னு சொன்னா, அந்த வீட்டுப் பேருக்கு இங்கேர்ந்தே ஒரு மெயில் அனுப்பறேன். கப்பலுக்குப் போகுதா, இல்ல இங்கயே யார் ஃபோனாவது அடிக்குதான்னு தெரிஞ்சிடும்."

"அதெல்லாம் வேண்டாம்" என்றார் செயலாளர். "அடுத்தவர் ரகசியம் நமக்கு எதுக்கு?"

"நடுக்கடல்ல ஒரு ஃபோன் அடிச்சா நமக்கென்ன சார் நஷ்டம்?" என்றார் டாக்டரம்மா.

யாரோ சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. அவர் கை மெதுவாகச் சட்டைப் பைக்குப் போனது. ஃபோனை எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. பைக்குள்ளேயே விரல் எதையோ தடவியது. முதலில் முன்வரிசை அந்தக் கையைப் பார்த்தது, பிறகு கூடமே பார்த்தது.

தங்கை விரலை லேப்டாப் மேல் வைத்திருந்தாள். நானாக இருந்தால் அப்போதே அழுத்தியிருப்பேன். அவள் அழுத்தவில்லை.

"அனுப்பட்டுமா சார்?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அனுப்பாதம்மா. அது எனக்குத்தான் வரும்."

பிறகு அவரே சொன்னார். கப்பல்காரர் பழைய வெப்சைட்டில் கணக்குத் திறக்கும்போது, பில்லெல்லாம் பார்த்துக்கொள்கிறவர் என்று இவருடைய சொந்த இமெயிலைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தனக்கு இவர் சங்கத்தின் இமெயிலைப் போட்டிருந்தார். அதனால் இவருடைய சொந்த ஃபோனுக்கு வந்ததெல்லாம் மூலை வீட்டுக்குப் போக வேண்டிய மெயில்தான். ஃபோனில் டாக்டரம்மா வீட்டு எண்ணோடு மெயில் வந்ததும், அவர் தனக்குத்தான் எழுதியிருக்கிறார் என்று நினைத்து அங்கேயே பதில் தட்டிவிட்டார். லிஃப்ட்காரர் அவருடைய சகலை.

"டாக்டரம்மாவுக்குத் தனியா எழுதறதா நினைச்சேன்" என்றார்.

"தனியா எழுதியிருந்தா மட்டும் அது நல்ல பேச்சா சார்?" என்றார் டாக்டரம்மா. "அந்தப் பொண்ணையும் அவ அக்காவையும் எல்லாரும் சந்தேகப்படறதை இத்தனை நாள் வேடிக்கை பார்த்தீங்களே."

செயலாளர் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து மூலை வீட்டுச் சாவியை எடுத்து, கூட்டத்தைத் தாண்டி வந்து என் கையில் கொடுத்தார். ஆபீஸில் வைக்கவே இல்லை போலிருக்கிறது. லிஃப்ட் பராமரிப்பை வேறு கம்பெனிக்குக் கொடுப்பது என்று அன்றே முடிவானது. ஃபோரமும் இருக்கட்டும், பார்த்துக்கொள்கிறவளும் இருக்கட்டும் என்று கை தூக்கினார்கள். எல்லாரும் தூக்கவில்லை. சுவரோரம் நின்ற ஒருவர், "இன்னைக்கு இது வெளிய வந்துச்சு. இன்னும் என்னென்ன திறந்து கிடக்கோ" என்று முணுமுணுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் அவர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "இத்தனைக்கு அப்புறமும் நம்பலையே அந்த ஆள்."

"அவர் கேட்டது சரிதான்க்கா" என்றாள். "இன்னும் என்னென்ன திறந்து கிடக்குன்னு எனக்கே தெரியல."

ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு வீட்டுக் கதவாகப் போய்த் தட்டினாள். பதிவாகியிருக்கும் இமெயில் அந்தந்த வீட்டாருடையதுதானா என்று நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்றாள். துணைக்கு நானும் போனேன். "எதுக்கு?" என்று கேட்காமல் ஒரு கதவும் திறக்கவில்லை. "இதை வச்சு என்ன பண்ணுவீங்க?" என்றார்கள். "போன தடவை நீங்கதானே நம்புங்கன்னு சொன்னீங்க?" என்றும் ஒரு வீட்டில் கேட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் நின்று பதில் சொன்னாள். எனக்குக் கால் வலித்தது. அவளோ கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவள் மாதிரி உற்சாகமாக இருந்தாள். மூன்று வீடுகளில் இமெயில் தப்பாக இருந்தது. ஒன்று, எப்போதோ வேலையை விட்டுப்போன டிரைவருடையது.

கடைசியாகச் செயலாளர் வீடு. அவர் மனைவி கதவைத் திறந்தார். விஷயத்தைக் கேட்டதும் உள்ளே திரும்பி, "ஏங்க, உங்க ஃபோனுக்கு இன்னும் யார் யார் வீட்டு மெயில் வருதுன்னு கேக்கறாங்க. எனக்கும் அதைத்தான் கேக்கணும்" என்றார்.

அவர் ஃபோனோடு வந்து வாசலில் நின்றார். தங்கை சொன்ன இடங்களையெல்லாம் திறந்து காட்டினார். மூலை வீட்டுக் கணக்கிலிருந்து அவருடைய இமெயிலை எடுத்துவிட்டாள். கப்பல்காரர் திரும்பி வந்து தானே பதியும்வரை அந்த வீட்டுப் பேரில் மெயில் எங்கும் போகாது, அங்கிருந்து எதுவும் வராது என்றாள். இவர் பேருக்கு இவருடைய சொந்த அட்ரஸைப் போட்டாள்.

"இனிமே நான் எதாவது எழுதினா என் வீட்டு நம்பர்தானே வரும்?"

"உங்க நம்பர்தான் வரும் சார்."

அவர் ஃபோனை அவளிடம் நீட்டினார். "எங்கே, ஒரு தடவை எழுதிக் காட்டு. பார்த்துட்டு அப்புறம் போ" என்றார்.

தங்கை என்னைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.